பழைய சைக்கிளுக்கு எவ்வளவு காற்று?

கம்பி பிரேக் வைத்த பழைய 28 அங்குல வண்டிக்குப் புது டயர் போட்டால், டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் உச்ச அளவு வரை காற்று அடித்துவிடத் தோன்றும். அந்த எண் டயருக்கு மட்டும்தான். டயர் உட்காரும் ரிம்முக்கும் ஓர் எல்லை உண்டு, பழைய ரிம்களில் அது பெரும்பாலும் எழுதியிருக்காது. பழைய இரும்பு ரிம்மின் உள்விளிம்பு நேராக நிற்கும். இப்போது வரும் அலுமினிய ரிம்கள் பலவற்றில் டயரைப் பிடித்துக்கொள்ள இருக்கும் கொக்கி வளைவு அதில் கிடையாது. காற்று மிஞ்சினால் டயரின் விளிம்புக் கம்பி மேலே ஏறும், டியூப் பிதுங்கி வெடிக்கும். ஆகவே 55 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற காற்றழுத்தக் கணக்கு) அல்லது டயரில் போட்டிருக்கும் உச்சம், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

28 × 1½ டயரில் (பக்கவாட்டில் 40-635 என்றும் இருக்கும்) 60 கிலோ ஆளுக்கு முன்னால் 35, பின்னால் 45 பிஎஸ்ஐ போதும். 75, 80 கிலோ என்றால் முன்னால் 40, பின்னால் 50. எடையில் பாதிக்கு மேல் பின்சக்கரத்தில் விழுவதால்தான் இந்த வித்தியாசம். லேடீஸ் சைக்கிளில் வரும் 26 × 1⅜ டயர் கொஞ்சம் ஒல்லி, அதற்கு 5 கூட்டிக்கொள்ளலாம். பம்பில் கிலோ கணக்கு (சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ) இருந்தால் 50 பிஎஸ்ஐ என்பது ஏறக்குறைய மூன்றரை.

நாகர்கோவில் வடசேரி சந்தைக்கு வாழைக்குலையோ தேங்காய் மூட்டையோ கட்டிப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கேரியரில் 25 கிலோ ஏறினால் கணக்குப்படி பின்சக்கரத்துக்கு 70 பிஎஸ்ஐக்கு மேல் தேவைப்படும். அந்த ரிம்மில் அது கூடாது. பாரத்தைக் குறைப்பதோ, பள்ளம் வந்தால் இறங்கி உருட்டுவதோதான் வழி. காற்றால் ஈடுகட்ட முடியாது.

சரி, எப்படி அளப்பது? இங்கேதான் சிக்கல். வால்டியூப் (வால்வுக் குச்சியின் மேல் ஏற்றும் சின்ன ரப்பர் குழாய்) போட்ட வால்வில் அழுத்தம் காட்டும் கேஜ் வைத்தால் உள்ளே இருக்கும் அழுத்தம் தெரியாது. அந்த ரப்பர் திரும்பி வரும் காற்றை அடைத்துவிடும். பம்பிலேயே கேஜ் இருந்தாலும், ரப்பரைத் தள்ளித் திறக்கும் அழுத்தமும் சேர்ந்து கூடுதலாகக் காட்டும். அடிஸ்கேல்தான் நம்பகமானது. வண்டியைச் சுவரில் சாய்த்து, தரையிலிருந்து ரிம் விளிம்பு வரை உயரத்தை அளக்கவும். ஆள் ஏறி உட்கார்ந்த பிறகு அதே இடத்தில் இன்னொருவர் அளக்கட்டும். 40 மில்லிமீட்டர் 34 ஆனால், அதாவது 15 சதவீதம் இறங்கினால், காற்று சரி. 8 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கினால் குறைவு. 4-க்கும் கீழே என்றால் கூடுதல், கொஞ்சம் இறக்கிவிடவும். முன், பின் இரண்டையும் அளக்க வேண்டும். ஒருமுறை சரியாக்கிவிட்டால், காலி டியூபிலிருந்து அதே பம்பில் எத்தனை அடி என்று எண்ணி வைத்துக்கொண்டால் போதும்.

கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பதை நம்பாதீர்கள். 40-க்கும் 60-க்கும் விரலுக்கு வித்தியாசம் தெரியாது.

காற்று குறைந்தால் குழியில் இறங்கும்போது ரிம் டியூபைக் கடித்து, அருகருகே இரண்டு கீறல் விழும். பிரேக் பிடிக்கும்போது டயர் ரிம்மில் நகர்ந்து, வால்வு சாய்ந்து அடியில் கிழியும். வால்வு நேராக நிற்கவில்லை என்றால் அன்றே காற்றை இறக்கிச் சரிசெய்ய வேண்டும். கிழிந்த வால்வு அடியை ஒட்ட முடியாது.

பஞ்சர் கடை கம்ப்ரஸரில் பிடிக்கும்போது மிகுந்த கவனம் வேண்டும். சைக்கிள் டியூபில் இரண்டரை லிட்டர் அளவுக்குத்தான் இடம். கார் டயரை நிரப்பும் டாங்க் அதைச் சில நொடிகளில் வெடிக்க வைக்கும். ஒரு நொடி விடுங்கள், பாருங்கள், மறுபடி ஒரு நொடி. கைப்பம்புதான் உத்தமம்.

பஞ்சர் ஒட்டி மாட்டிய பின் முதலில் 10, 15 பிஎஸ்ஐ மட்டும் அடித்து, வால்வை உள்ளே அமுக்கி விட்டு, சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். டயர் விளிம்பை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு இரண்டு பக்கமும் ரிம்மிலிருந்து ஒரே அளவில் தெரிய வேண்டும். எங்காவது எழும்பியிருந்தால் கையால் அமுக்கி உட்கார வைத்து, பிறகு பையப் பைய நிரப்பவும். டியூப் வெடிப்பதில் பல இதைப் பார்க்காமல் விடுவதால் வருகின்றன.

வெயிலும் கணக்கில் வரும். நிழலில் 27 டிகிரியில் 50 அடித்த டயர், வெயிலில் கிடந்து 60 டிகிரி சூடானால் 57-ஐத் தொடும். பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு இருக்கும் பழைய டயரில் 5 குறைத்தே அடியுங்கள். நூல் தெரிந்தாலோ புடைத்திருந்தாலோ கழற்றி எறிந்துவிடுங்கள்.

வால்டியூபை இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, எச்சில் தொட்டு, பித்தளைக் குச்சியின் துளை மூடும்படி ஏற்றவும். எண்ணெய் தடவினால் ரப்பர் ஊறிக் கெடும். குளச்சல், முட்டம் போலக் கடலோரத்தில் ஓடும் வண்டிகளுக்கு இன்னொரு வேலை: ஆண்டுக்கு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன்னால், டயரைக் கழற்றி ரிம்மின் உட்புறத் துருவை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, ரிம் டேப்பை மாற்றவும். ஸ்போக் முனை டேப்பைத் துளைத்துக்கொண்டு நின்றால் அரத்தால் மட்டமாக ராவிவிட வேண்டும்.