கோட் ரிவ்யூவில், அதாவது மற்றவர் எழுதிய கோடைப் படித்துக் கருத்துச் சொல்லும்போது, என்ன எழுதுவது?

டீமில் புதிதாகச் சேர்ந்தவரின் கோடில் ஒரு லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி). ஒவ்வொரு ஆர்டருக்கும் தனித்தனியாக டேட்டாபேஸுக்குப் போய் கஸ்டமர் பெயரை எடுத்து வருகிறது. "இது சரியில்லை" என்று எழுதினால் அவருக்கு என்ன புரியும்? "500 ஆர்டர் இருந்தால் 500 குவெரி கூடுதலாக ஓடும், ஜாயின் போட்டு ஒரே குவெரியில் எடுக்கலாமா?" என்று எழுதினேன். குவெரி என்றால் டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி; ஜாயின் என்றால் ஆர்டர், கஸ்டமர் டேபிள்களை இணைத்து எடுப்பது. "கஸ்டமர் பதிவு இல்லாத ஆர்டர் விடுபட்டுப் போகுமே, லெஃப்ட் ஜாயின் போடட்டுமா அண்ணா?" என்று பதில் வந்தது. சாதாரண ஜாயின் இரண்டு டேபிளிலும் பொருந்துவதை மட்டும் தரும்; லெஃப்ட் ஜாயின் கஸ்டமர் பதிவு இல்லாத ஆர்டரையும் விடாமல் தரும். அருமையான கேள்வி! திட்டியிருந்தால் அது வந்திருக்காது.

லினக்ஸ் கெர்னல் (லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) டெவலப்பர்களின் மெயில்களில் காரமாகத் திட்டுவதற்குப் பேர்போன, அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2018 செப்டம்பரில் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கொஞ்ச காலம் ஒதுங்கியிருந்தார்.

அப்புறம், வரியை உள்ளே தள்ள ஸ்பேஸா, டேபா என்ற சண்டையெல்லாம் ஃபார்மேட்டர் (கோடைத் தானாகவே சீராக அடுக்கும் கருவி) பார்த்துக்கொள்ளட்டும். மனுஷர் அதற்கு கமெண்ட் எழுத வேண்டாம்.