ஆறாவது சந்திப்பு

1981ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் எமது கல்லூரியின் நடனக் குழு வேல்ஸ் நாட்டிலுள்ள லாங்கொலென் நகருக்குச் சென்று வந்ததைப் பற்றி எழுதித் தருமாறு எங்கள் சங்கத்தின் மலர்க் குழுவினர் என்னைக் கேட்டிருந்தனர். அந்தப் பயணத்தைப் பற்றி எழுத எத்தனையோ உண்டு. ஆயினும் ஒரு பிற்பகலில் நாங்கள் புல்வெளியில் ஆடிய பின்னல் கோலாட்டம் ஒன்றைப் பற்றியே எழுத விரும்புகிறேன். அன்று எங்களோடு ஆடிய பன்னிருவரில் பலர் இன்று இந்தச் சங்கத்தின் உறுப்பினர்கள். நான் எழுதுவதில் பிழை இருந்தால் அவர்களே திருத்தக்கூடும்.

பின்னல் கோலாட்டத்தை ஆடிப் பார்க்காத இளைய தலைமுறையினருக்காக அதன் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். மேலே ஒரு கொக்கியிலோ கம்பத்தின் உச்சியிலோ கயிறுகள் கட்டப்பட்டிருக்கும். ஒவ்வொருவரும் ஒரு கயிற்றின் நுனியை இடக்கையிலும் ஒரு கோலை வலக்கையிலும் பிடித்து வட்டமாக நிற்பார்கள். ஒருவர் விட்டு ஒருவராகப் பாதிப் பேர் வலஞ்சுழியாகவும் மறுபாதியினர் இடஞ்சுழியாகவும் நகர்வார்கள். எதிரெதிரே வரும் இருவர் சந்திக்கும் இடத்தில் கோலோடு கோல் தட்ட, ஒருவர் உள்வழியாகக் கயிற்றின் கீழ் புகுந்து செல்ல, மற்றவர் வெளிவழியாகக் கடப்பார். அடுத்த சந்திப்பில் உள்ளே சென்றவர் வெளியே வருவார். வெளியே சென்றவர் உள்ளே புகுவார். ஆடுபவர்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கவேண்டியது இதனால்தான். இப்படி மாறி மாறிக் கடக்கக் கடக்க, தலைக்கு மேலே சடை போலவோ வலை போலவோ ஒரு பின்னல் இறங்கி வரும். பிறகு எல்லோரும் திரும்பி நின்று, வந்த வழியே, கடைசிச் சந்திப்பிலிருந்து முதற் சந்திப்பு வரை ஒவ்வொன்றையும் தலைகீழாக ஆடினால் பின்னல் முழுவதும் அவிழ்ந்து, கயிறுகள் பன்னிரண்டும் தனித்தனியே தொங்கும்.

பின்னுவதைவிட அவிழ்ப்பதே கடினம் என்று எங்கள் நடன ஆசிரியை ஓயாமல் சொல்லுவார். பின்னும்போது கால் தவறினால் பின்னலின் அழகு சற்றுக் குலையும், அவ்வளவுதான். அவிழ்க்கும்போது தவறினால் இரண்டு கயிறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும், அதற்குப் பிறகு யாராலும் நகர முடியாது. வெளிநாட்டு மேடைகளில் கிடைக்கும் நேரம் குறைவென்று அறிந்ததும் அவர் ஆட்டத்தைச் சுருக்கினார். தொடக்கத்து விருத்தத்தை எடுத்தார். எங்களுக்கு மிகவும் பிடித்திருந்த, பார்ப்பவர்கள் எப்போதும் கைதட்டும் சுழற்சி ஒன்றையும் தயங்காமல் எடுத்தார். பின்னல் 16 சந்திப்புகள், அவிழ்ப்பு 16 சந்திப்புகள் என்ற கணக்கில் மட்டும் அவர் கை வைக்கவே இல்லை. "பின்னியதை அவிழ்க்காமல் ஒருவரும் மேடையை விட்டு இறங்கக் கூடாது, பிள்ளைகள்," என்பார். அந்தச் சுழற்சியை இழந்தது குறித்து அப்போது எங்களுக்கு மனத்தாங்கல் இருந்தது. இன்று நானே சிறுவர்களுக்கு ஆட்டம் பழக்குகிறேன். அவர் செய்தது முற்றிலும் சரியென்றே எண்ணுகிறேன்.

லாங்கொலென், டீ ஆற்றங்கரையில் மலைகளுக்கு நடுவே அமைந்த சிறிய ஊர். இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர், நாடுகளுக்கிடையே பகை ஆறவேண்டும் என்ற எண்ணத்தோடு 1947இல் அங்கே சர்வதேச இசை ஐஸ்தெத்வொட் என்னும் விழாவைத் தொடக்கினார்கள். 1949இல் ஜெர்மனியின் லூபெக் நகரிலிருந்து ஒரு பாடகர் குழு வந்தபோது, போரின் காயம் ஆறாத அந்த நாளிலும் அரங்கு அவர்களை அன்போடு வரவேற்றதை ஊரார் எங்களிடம் பெருமையோடு கூறினார்கள். 1955இல் இத்தாலியின் மொடெனா நகரின் பாடகர் குழுவில் தம் தந்தையுடன் வந்து பாடிப் பரிசு பெற்ற இளைஞரே பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஓபரா பாடகர் லூச்சியானோ பாவரோட்டி. நாங்கள் சென்ற காலத்தில் இன்றுள்ள நிலையான மண்டபம் கட்டப்பட்டிருக்கவில்லை. அது 1992இல்தான் வந்தது. அப்போது பெரியதொரு கூடாரத்துக்குள்ளேயே போட்டிகள் நடந்தன. வந்தவர்களை ஊர் மக்கள் தம் வீடுகளிலேயே தங்கவைத்தார்கள். எங்கள் நால்வரைத் தம் வீட்டில் வைத்திருந்த முதிய தம்பதியர், எங்கள் பெயர்களை ஒரு தாளில் எழுதிவைத்து, நாங்கள் உச்சரிக்கக் கேட்டு, காலையில் எங்களை எழுப்பும்போது ஒவ்வொரு பெயரையும் அசை பிரித்துச் சொல்லுவார்கள்.

அங்கே எங்களை முதலில் சோதித்தது காற்றின் ஈரம். மிருதங்கத்தின் தோல் ஈரத்தில் தளர்ந்து சுருதி இறங்கிக்கொண்டே இருந்தது. எங்களோடு வந்த வித்துவான் கல்லும் கட்டையுமாக அமர்ந்து, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்பும் விளிம்பைத் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பார். குளிரில் எங்கள் பாதங்கள் மரத்துப்போயின. ஒத்திகையின்போது சிலர் காலுறை அணிந்து ஆட முயன்றார்கள். வழுவழுப்பான பலகையில் அது ஆபத்தென்று கண்ட ஆசிரியை, மேடை ஏறும் வரை காலணியோடு இருந்து, ஏறும் படியில் கழற்றிவிட்டு ஓடுமாறு பழக்கினார். கூடாரத்துக்குள் நடந்த போட்டியில் சாதாரணக் கோலாட்டமும் கும்மியும் ஆடினோம். பரிசு கிடைக்கவில்லை. எங்களைவிட நன்றாக ஆடியவர்களைக் கண்ணாரக் கண்டோம் என்பதால் அது பற்றி எங்களுக்கு வருத்தமும் இருக்கவில்லை.

பின்னல் கோலாட்டத்துக்கு வெளியே புல்வெளியில்தான் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அங்கே போய் நின்றபோதுதான், கயிறுகளைக் கட்டுவதற்கு ஒன்றுமே இல்லை என்பது தெரிந்தது. கல்லூரி மண்டபத்தில் உத்தரத்துக் கொக்கியில் கட்டிப் பழகிய எங்களுக்குத் தலைக்கு மேலே வானம் மட்டுமே இருந்தது. இரும்புக் கம்பம் ஒன்று தருவதாக முன்னரே ஒப்புக்கொண்டிருந்தவர்கள் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டார்கள். ஆசிரியை எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் புல்வெளியின் மறுபக்கத்தை நோக்கி நடந்தார்.

அங்கே இங்கிலாந்திலிருந்து வந்த பள்ளிச் சிறுவர் குழுவொன்று மேபோல் ஆடிக்கொண்டிருந்தது. நடுவே ஒரு கம்பம். அதன் உச்சியிலிருந்து பல நிற நாடாக்கள். அக்கோடியன் இசைக்கு ஏற்பத் துள்ளித் துள்ளி எதிரெதிரே வந்து, ஒருவர் நாடாவின் கீழ் ஒருவர் புகுந்து கடக்கும் பிள்ளைகள். நாங்கள் வாயடைத்து நின்றோம். கோல் இல்லை, தாளம் வேறு, உடை வேறு. ஆனால் உள்வழியும் வெளிவழியும் எங்களுடையவை. அவர்களும் பின்னி முடித்தபின் திரும்பி நின்று அவிழ்த்தார்கள். பிற்காலத்தில் தேடிப் படித்தபோது, இந்த நாடா ஆட்டம் அந்நாட்டுப் பள்ளிகளில் பரவியதற்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் ஒரு காரணம் என்பதையும், அவற்றில் ஒன்றான வைட்லண்ட்ஸ் கல்லூரியில் 1881இல் ஆங்கில எழுத்தாளர் ஜோன் ரஸ்கின் மே விழாவொன்றைத் தொடக்கிவைத்தார் என்பதையும் அறிந்தேன். ஸ்பெயின், பிரான்ஸ் எல்லைப் பகுதியில் வாழும் பாஸ்க் மக்களிடமும் ஜெர்மனியின் பவேரியாவிலும் இதைப் போன்ற ஆட்டங்கள் உண்டு. யாரிடமிருந்து யார் கற்றார்கள் என்ற ஆராய்ச்சி எனக்கு முக்கியமாகப் படவில்லை. கயிற்றையும் வட்டத்தையும் கையில் எடுத்த மக்கள் அந்த ஆட்டத்தைத் தாமாகவே கண்டடைந்திருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

அவர்களுடைய ஆசிரியை தங்கள் கம்பத்தை உடனே தர முன்வந்தார். ஒரு நிபந்தனை மட்டும் விதித்தார். கம்பத்தின் அடியில் சிலுவை வடிவில் பலகைகள் இருந்தன. ஆட்டத்தின்போது நான்கு பிள்ளைகள் அவற்றில் உட்கார்ந்து பாரம் கொடுக்காவிட்டால், இழுப்பு ஒரு பக்கம் கூடியதும் கம்பம் சரிந்துவிடுமாம். ஆகவே அவருடைய மாணவர்களில் நால்வர் எங்கள் வட்டத்தின் நடுவே, கம்பத்தடியில், நான்கு திசையையும் நோக்கிச் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார்கள்.

கம்பம் எங்கள் கொக்கியைவிட உயரம் குறைந்தது. கயிறுகளோ பழைய நீளம். கயிறு மிகுந்ததால் வட்டம் விரிந்தது. ஒரு சந்திப்பிலிருந்து அடுத்ததற்குப் போக வழக்கத்தைவிட ஓர் அடி கூடுதலாக வைக்க வேண்டியிருந்தது. தாளமோ அதற்காக நிற்காது. முதற் பத்துச் சந்திப்புகளையும் எட்டி எட்டி நடந்து சமாளித்தேன். 11வது சந்திப்புக்கு நான் அரைத் தட்டு பிந்தி வந்தேன். வெளிவழியாகப் போகவேண்டிய நான், பதற்றத்தில் தலையைக் குனிந்து உள்ளே புகுந்துவிட்டேன். எதிரே வந்தவள் என்னைவிட இரண்டு வகுப்பு இளையவள். மோதாமலிருக்க அவள் கண நேரத்தில் வெளியே விலகினாள். கோல்கள் தட்டின, பார்த்தவர்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது. அடுத்த ஐந்து சந்திப்புகளும் ஒழுங்காகவே சென்றன. ஆனால் மேலே, மஞ்சளும் சிவப்புமான இரண்டு கயிறுகள் முறைமாறிக் கிடப்பது என் கண்ணுக்குத் தெரிந்தது.

பின்னி முடித்ததும் அவிழ்ப்பதற்காகத் திரும்பி நிற்க ஓர் ஆவர்த்தனம் உண்டு. எட்டு எண்ணிக்கை. அதற்குள் என் மனத்தில் ஒன்றுமே ஓடவில்லை. சரியாக ஆடிவிடவேண்டும் என்ற ஒரே பரபரப்பு. சரியாக ஆடினால் கயிறுகள் சிக்கும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. பிழையாகப் பின்னியதைப் பிழையாகத்தான் அவிழ்க்க வேண்டும்; அதே இடத்தில், அதே இருவர், அதே பிழையை மறுபடி செய்ய வேண்டும். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி எண்ணிக்கையில், உதடு அசைந்தும் அசையாமலும், "ஆறு, அக்கா," என்றாள்.

16இலிருந்து பின்னோக்கி வந்தால் 11 என்பது ஆறாவதாக வரும். அதை அவள் அந்த எட்டு எண்ணிக்கைக்குள் கணக்கிட்டிருக்கிறாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் ஜதியைவிட்டு எண்களையே மனத்துக்குள் சொல்லிக்கொண்டு ஆடினேன். ஆறாவது சந்திப்பில் எதிரே அவள் வந்தாள்; மற்ற ஐந்து இணைகளும் ஒரு விதமாகக் கடக்க, நாங்கள் இருவர் மட்டும் மாறிக் கடந்தோம். மஞ்சள் கயிறு சிவப்பின் மேலிருந்து வழுக்கி விடுபட்டது. கம்பத்தடியில் உட்கார்ந்திருந்த சிறுவர்களில் ஒருவன் அண்ணாந்து அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். அவனும் இந்த ஆட்டத்தை ஆடுபவன் அல்லவா, அவனுக்குப் புரிந்துவிட்டது. மீதிப் பத்தும் எப்படிப் போயின என்பது எனக்கு நினைவில்லை. பன்னிரண்டு கயிறுகளும் தனித்தனியே தொங்கியது மட்டும் நினைவிருக்கிறது.

நிகழ்ச்சி முடிந்தும் அந்தச் சிறுவர்கள் போகவில்லை. எங்கள் கயிறுகளைத் தொட்டுப் பார்த்தார்கள். ஆசிரியைகள் இருவரும் ஏதோ பேசிக்கொண்டு, எங்களில் ஆறு பேரையும் அவர்களில் ஆறு பேரையும் ஒருவர் விட்டு ஒருவராக நிறுத்தினார்கள். அவர் ஆங்கிலத்தில் எண்ண, இவர் ஜதி சொல்ல, பின்னல் பாதிக்கு மேல் இறங்கியபோது மழை கொட்டத் தொடங்கியது. பார்வையாளர்கள் கூடாரத்தை நோக்கி ஓடினார்கள். நாங்களும் கயிற்றைவிட்டு ஓடத்தான் முற்பட்டோம். ஆசிரியை நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. சேலை முழுவதும் நனைய, "அவிழ்த்துவிட்டு வாருங்கள்!" என்றார். அந்தச் சிறுவர்களுக்கு அந்தச் சொல்லை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. வழுக்கும் புல்லில், கனத்துப்போன கயிறுகளோடு, கோலில்லாமல் கையோடு கை தட்டி, முதற் சந்திப்பு வரை ஆடி அவிழ்த்துவிட்டே ஓடினோம்.

அன்றிரவு ஆசிரியை தங்கியிருந்த வீட்டில் கயிறுகளைப் பிழிந்து காயப்போடும் வேலை எனக்கும் அவருக்கும் வாய்த்தது. ஒரு நுனியை அவரும் மறு நுனியை நானும் பிடித்து, எதிரெதிர்ப் பக்கமாக முறுக்கித் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தோம். மஞ்சள் கயிற்றை எடுத்தபோது அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமலே, "பதினொன்றில் விட்டாய், ஆறில் எடுத்தாய், பிள்ளை," என்று சொல்லிவிட்டு அடுத்த கயிற்றைக் கையில் எடுத்தார்.