அம்மாமார் வாசிக்க ஒரு புத்தகம்

மார்ச் 2, ஞாயிறு

கொக்குவிலில் அம்மாமார் கூடினோம். எல்லோருடைய பிள்ளைகளுக்கும் ஓட்டிசம் (மதியிறுக்கம்). சேர்ந்து ஒரு புத்தகம் வாசிப்போம் என்று முடிவாகி, தெரிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஆங்கிலமென்றாலும் பரவாயில்லை, நான் வாசித்துத் தமிழில் சொல்லலாம். ஆனால் ஓட்டிசம் உள்ளவரே எழுதியதாக இருக்க வேண்டும். டொக்டர்மார் சொல்வதை நிறையக் கேட்டுவிட்டோம்.

மார்ச் 5, புதன்

ஓட்டிசம் உள்ள விஞ்ஞானி டெம்பிள் கிராண்டினின் 'திங்கிங் இன் பிக்சர்ஸ்' (1995) அருமையான புத்தகம்தான். ஆனால் விஞ்ஞான விளக்கம் அதிகம், சேர்ந்திருந்து வாசிக்கக் கஷ்டம். மனம் ஓட்டிசம் உள்ள இன்னொருவரான டானியல் டாமெட்டின் 'போர்ன் ஒன் எ புளூ டே' ('நீல நாளில் பிறந்தவன்', 2006) பக்கமே போகிறது.

டாமெட் 1979 ஜனவரி 31 அன்று லண்டனில் பிறந்தவர். அன்று புதன்கிழமை, அவருக்குப் புதன்கிழமைகள் நீல நிறம். எண்களுக்கும் நிறமும் வடிவமும் உண்டு. 2004 மார்ச் 14 அன்று ஒக்ஸ்போர்ட்டில் 'பை' (π) என்ற கணித எண்ணின் 22,514 தசம தானங்களை மனப்பாடமாகச் சொன்னார். ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. வலிப்பு நோயாளருக்கான அமைப்பொன்றுக்குப் பணம் சேர்க்கத்தான் அதைச் செய்தார். சிறுவயதில் அவருக்கும் வலிப்பு இருந்தது.

மார்ச் 6, வியாழன்

அக்கா ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "தங்கச்சி, என்ர பொடியனுக்குப் பதினைஞ்சு வயசு. பத்து வரைக்கும் எண்ண ஏலாது. எனக்கு உந்தப் புத்தகம் என்னத்துக்கு?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. கலியாண வீட்டிலும் சொந்தக்காரர் கேட்பது அதைத்தானே: "இப்பிடிப் பிள்ளையளுக்கு ஏதோ விசேஷ திறமை இருக்குமாம், இவனுக்கு என்ன?" ஓட்டிசம் உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் அப்படியொரு திறமை என்பது இப்படியான திறமைகளை ஆராய்ந்த மனநல டொக்டர் டரல்ட் டிரெஃபர்ட்டின் கணிப்பு. டாமெட் அளவுக்கு என்றால் மிக மிக அபூர்வம். மற்ற ஒன்பது பிள்ளைகளின் தாய்மார்தான் எங்கள் கூட்டம்.

மார்ச் 9, ஞாயிறு

அக்காவின் கேள்வியோடு திரும்ப வாசித்தேன். இந்த முறை எண்களைக் கடந்து போனேன்.

கைக்குழந்தையில் டாமெட் ஓயாமல் அழுதிருக்கிறார். தாயும் தகப்பனும் போர்வையில் கிடத்தி, ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஆட்டியிருக்கிறார்கள். எங்கள் ஏணைதான்! பள்ளிக்கூடத்தில் சத்தம் தாங்காமல் காதுக்குள் விரலை விட்டுக்கொண்டார். கோயில் ஒலிபெருக்கி தொடங்கியதும் என் மகனும் அப்படித்தான். வளர்ந்த பிறகும் டாமெட்டுக்குக் காலையில் சரியாக 45 கிராம் ஓட்ஸ் கஞ்சி, தராசில் நிறுத்து. என் மகனுக்குப் புட்டில் வாழைப்பழம் தொட்டால் அன்றைய சாப்பாடு முடிந்தது. அதைப் பிடிவாதம் என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்! அந்த ஒழுங்கு குலைந்தால் உள்ளே எவ்வளவு பதற்றம் வரும் என்று டாமெட் தானே சொல்கிறார். என் மகனால் அதைச் சொல்ல முடியாது. ஒருவர் சொல்வது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தாது, சரி. ஆனாலும் உள்ளிருந்து ஒரு குரல் கேட்பது எனக்குப் பெரிய விஷயம்.

டாமெட்டுக்கே 25 வயதில்தான் ஓட்டிசத்தின் ஒரு வகையான அஸ்பெர்கர் என்று கண்டறிந்தார்கள்.

மார்ச் 14, வெள்ளி

அக்காவிடம் போர்வைப் பகுதியைச் சொன்னேன். "நானும் அவரும் சேலையில போட்டு விடிய விடிய ஆட்டினனாங்கள்" என்றார். அப்புறம் அரை மணித்தியாலம் அவர்தான் கதைத்தார்.

இதுதான் புத்தகம். குழந்தைப்பருவ அத்தியாயத்திலிருந்து தொடங்குகிறோம், 'பை' எண்ணைப் பிறகு பார்க்கலாம். அப்பாமாரையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன்.