கந்தளாய்க் குளக்கட்டில் ஒரு காலை

திருகோணமலையில் வாழும் எங்களில் பலருக்குக் கந்தளாய் என்பது கொழும்பு பஸ் பத்து நிமிடம் நிற்கும் இடம். இறங்கி ஒரு தேநீர் குடித்து, முட்டித் தயிர் வாங்குவதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் நடத்துநர் விசில் அடித்துவிடுவார். எத்தனையோ தடவை அவ்வூரைக் கடந்து போயிருந்தும், அதன் குளக்கட்டில் ஒருமுறையேனும் ஏறி நின்றதில்லை என்ற எண்ணம் எனக்குச் சில காலமாகவே உறுத்தலாக இருந்தது. எங்கள் வீட்டுக் குழாயில் வருவதும் கந்தளாய்த் தண்ணீர்தான் என்பதால் அந்த உறுத்தல் கூடியதே தவிர குறையவில்லை. மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், தம்பலகாமத்தில் பிறந்து வளர்ந்த அப்பாவையும் காரில் ஏற்றிக்கொண்டு விடியற்காலையிலேயே புறப்பட்டேன்.

நகரிலிருந்து கந்தளாய்க்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர். சீனன்குடாவைத் தாண்டும்போது விமான நிலையமும், காட்டுக்குள் மறைந்து நிற்கும் இரண்டாம் உலகப் போர்க்கால எண்ணெய்க் குதங்களும் நினைவுக்கு வந்தன. அவற்றைப் பற்றி எழுத இன்னொரு நாள் வேண்டும். பாலம்போட்டாறு பத்தினி அம்மன் கோயிலருகே காரை நிறுத்தி, இறங்காமலேயே கும்பிட்டுவிட்டுப் போனோம். இந்த வழியில் போகும் பெரும்பாலான வாகனங்கள் அப்படித்தான் செய்கின்றன.

அதற்கப்பால் வயல்வெளிதான். பெரும்போக வெள்ளாண்மை விளைந்து, கதிர்கள் தலை சாய்த்து, பச்சையும் மஞ்சளும் கலந்து கிடந்தன. சில வரவைகளில், அதாவது வரம்பு கட்டிய வயல் துண்டுகளில், அறுவடை இயந்திரம் இறங்கியிருந்தது, அதன் பின்னாலேயே கொக்குகள் கூட்டமாக நடந்தன. அப்பா கண்ணாடியை இறக்கிவிட்டு, "மகள், கொஞ்சம் மெதுவா ஓடு. இந்த மணத்துக்குத்தான் நான் வந்தனான்" என்றார். ஈர வைக்கோலும் சேறும் கலந்த அந்த மணத்தை நானும் அறிவேன், ஆனால் அவருக்கு அது தம் பிள்ளைப் பருவத்தின் மணம்.

கந்தளாய்ச் சந்தையில் தமிழும் சிங்களமும் ஒன்றோடொன்று பின்னிக் கேட்கின்றன. ஒரே கடைக்காரர் ஒருவரிடம் ஒரு மொழியிலும் அடுத்தவரிடம் மற்ற மொழியிலும் விலை சொல்கிறார். 1960இல் தொடங்கி 1993இல் மூடப்பட்ட சீனித் தொழிற்சாலையைப் பற்றித் தேநீர்க் கடையில் இருந்த முதியவர்கள் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். கரும்பு ஏற்றிய வண்டிகள் வரிசையில் நின்ற காலத்தை அவர்கள் நேற்று நடந்ததுபோலச் சொன்னார்கள். சிறிய ஊர்தான். கடைத்தெருவைப் பார்த்து முடிக்க அதிக நேரம் தேவையில்லை. ஆனால் கடைத்தெருவை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர் கந்தளாயைப் பார்க்காமலேயே திரும்புகிறார் என்பது என் துணிபு.

குளக்கட்டில் ஏறியதும் நாங்கள் இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. காலை வெயில் முதுகில் விழ, எதிரே மேற்குத் திசையில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை தண்ணீர், அதன் விளிம்பில் நீலம் பூசியது போன்ற காடு. மழைக்காலம் முடிந்து குளம் நிறைந்து கிடந்தது. கட்டின் நீளம் ஏறத்தாழ 14,000 அடி. ஒரு முனையில் நின்று பார்த்தால் மறுமுனை வெயிலின் புகாரில் கரைந்துபோகிறது. நீர்ப்பக்கச் சரிவில், அலை மண்ணை அரித்துவிடாதபடி பதித்த கற்களில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. தோணியில் வந்த மீனவர் ஒருவர் வலையை உதறி, நாங்கள் யப்பான் மீன் என்று சொல்லும் திலாப்பியாக்களைக் கூடையில் போட்டார். கூடை நிறைந்த பிறகும் அவை துள்ளுவது நிற்கவில்லை.

இந்தக் குளத்தைக் கட்டியவர் யார் என்பதற்கு இரண்டு மரபுகள் உள்ளன. வரலாற்று நூல்கள் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரண்டாம் அக்கபோதி மன்னனைச் சொல்கின்றன. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு இதைத் திருத்தியமைத்தான். எங்கள் வீடுகளில் சொல்லப்படும் கதையோ கோணேசர் கல்வெட்டு என்ற பழைய நூலின் வழிவருவது: குளமும் கோட்டமும் அமைத்ததால் குளக்கோட்டன் எனப் பெயர்பெற்ற மன்னன், திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்கு நெல் விளைவிக்கவே இக்குளத்தைக் கட்டத் தொடங்கினான் என்றும், அரசி ஆடகசவுந்தரியின் பூதப்படை அதைக் கட்டி முடித்தது என்றும் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். எது வரலாறு, எது ஐதிகம் என்று பிரித்தறிவது ஆய்வாளர் வேலை. என் மனத்தைத் தொட்டது, கோயிலையும் குளத்தையும் ஒரே பெயருக்குள் முடிந்துவைத்த அந்தப் பழைய சிந்தனைதான். சோழர் ஆட்சியை ஒட்டிய காலத்தில் இவ்வூர் பிராமணர்களுக்கு வழங்கப்பட்ட சதுர்வேதிமங்கலமாக இருந்தது. அருகே பாலமோட்டையில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டில் விஜயராஜ சதுர்வேதிமங்கலம் என்ற பெயரே இருக்கிறது.

கட்டின் மீது நடந்துகொண்டிருந்த அப்பா ஓரிடத்தில் நின்றார். 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலை 3 மணியளவில் இக்கட்டு உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பாதிக்கப்பட்டன. கட்டின் மேல் மிகக் கனமான வாகனங்கள் ஓடியதும் உடைப்புக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. சித்திரை வருடம் பிறந்து ஒரு வாரமும் ஆகவில்லை, பலகாரம்கூடத் தீரவில்லை என்று அப்பா சொன்னார். பேராறு என்ற ஊரில் இருந்த அவருடைய அத்தை, முதலில் மாடுகள் கத்தியதைக் கேட்டு எழும்பி, பேரப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுக்கு ஓடியதால் தப்பினாராம். விடிந்து பார்த்தபோது வீடு இருந்த இடத்தில் மணல் மட்டுமே கிடந்ததாம். தாம் இறக்கும்வரை அந்த அத்தை தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும் இடத்தில் படுத்துறங்கியதில்லை என்பதை அப்பா அன்றுதான் முதன்முறையாக என்னிடம் சொன்னார். பிறகு கட்டப்பட்டு இன்று புல் மூடி அமைதியாகக் கிடக்கும் அந்தக் கட்டின் மேல் நின்றபடி அதைக் கேட்டபோது, காலுக்குக் கீழே இருந்த மண்ணை நான் வேறு விதமாக உணர்ந்தேன்.

பின்னர், குளத்து நீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் மதகான துருசடிக்கு இறங்கினோம். மேலே அசைவின்றிக் கிடந்த அதே தண்ணீர், இங்கே கதவின் அடியிலிருந்து வெள்ளையாகப் பொங்கி, சுழித்து, சில பாகம் தூரம் போனதும் கோபம் தணிந்து தெளிவான பச்சையாக வாய்க்காலில் ஓடியது. சிமெந்துச் சுவரில் கை வைத்தால் நீரின் அதிர்வு தோள்வரை ஏறுகிறது. அப்பா காய்ந்த மருத இலை ஒன்றை எடுத்து நீரில் போட்டார். அது ஒரு சுற்றுச் சுற்றி, விடுபட்டு, தம்பலகாமத்துத் திசையில் போனது. "நாங்கள் சின்னப் பிள்ளையளா இருக்கேக்க, தண்ணி திறந்தாச்சாம் எண்டு ஆரும் வந்து சொன்னால், அண்டைக்கு ஊரே வாய்க்கால் கட்டிலதான் நிக்கும்" என்றார். தம்பலகாமத்து விவசாயிகள் இந்தக் குளத்துக்கு வேள்வி எடுக்கும் மரபு ஏன் தோன்றியது என்பதை அந்த இடத்தில் எவரும் விளக்கத் தேவையில்லை.

திரும்பும் வழியில், இந்தத் தடவை விசில் அடிக்க எவரும் இல்லாததால், தயிரை நின்று நிதானமாக வாங்கினோம். மண்முட்டியின் வாயில் கட்டியிருந்த தாளை நீக்கிக் கடைக்காரப் பெண் காட்டினார். மேலே மஞ்சள் படிந்த ஆடை, அதை மரக்கரண்டியால் கீறியதும் உள்ளே வெண்மையாக, நீர் விடாமல் நிற்கும் எருமைத் தயிர். "ஐயா, சரிச்சுப் பாருங்கோ, சிந்தாது" என்று முட்டியைச் சரித்தே காட்டினார். கித்துள் பாணியும் ஒரு போத்தல் வாங்கிக்கொண்டோம்.

தம்பலகாமத்தில் ஆதிகோணநாயகர் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சிப் பூசை முடியும் தறுவாயில் இருந்தது. போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்த பின்னர் அங்கிருந்து காப்பாற்றப்பட்ட திருவுருவத்துக்கு எழுந்த ஆலயம் இதுவென்பது ஊரார் நம்பிக்கை. கோயிலைச் சுற்றி வயல், வயலைச் சுற்றி வாய்க்கால். பூசை முடிந்ததும் பொங்கல் தந்தார்கள். அப்பா அதை வாய்க்கால் கரைக்குக் கொண்டுபோய், செருப்பைக் கழற்றிவிட்டு, காலைத் தண்ணீரில் தொங்கவிட்டபடி இருந்து சாப்பிட்டார். வெயில் ஏறுகிறது, புறப்படுவோம் என்று இரண்டு தடவை சொன்னேன். "கொஞ்சம் இரு மகள், காலையில போட்ட இலை இன்னும் வரேல்லை" என்றார். நானும் அருகில் உட்கார்ந்துகொண்டேன்.