மேடு ஏறினால் இடம் மாறும் காற்று

பழைய பெட்ரோல் கார், கார்புரேட்டர் இஞ்சின். டேஷ்போர்டிலிருந்து வரும் காற்றை முகத்துக்கு வைத்து ஓட்டிக்கொண்டிருப்பேன், மேடு வந்து ஆக்சிலேட்டரை அழுத்தினால் போதும், காற்று முன்கண்ணாடிக்குப் போய்விடும். காலை எடுத்தால் திரும்பி வரும். வண்டிக்கு வயசாகிவிட்டது என்று ஆறு மாதம் விட்டுவைத்தேன். அப்புறம் டேஷ்போர்டுக்குள் உஸ்ஸென்று ஒரு சத்தமும் சேர்ந்துகொண்டது, அதுவும் குமிழைக் கால் பக்கத்துக்குத் திருப்பினால் மட்டும்.

உள்ளே காற்றுக் கதவுகளை இழுப்பது இஞ்சின் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்) வேக்குவம், அதாவது அதன் உறிஞ்சும் விசை. அங்கிருந்து ஒரு மெல்லிய ஹோஸ் செக் வால்வு (காற்றை ஒரு திசையில் மட்டும் விடுவது) வழியாக ஒரு சின்ன டாங்கிக்குப் போகிறது, அங்கிருந்து குமிழுக்குப் பின்னால் இருக்கும் சுவிட்சுக்கு, சுவிட்சிலிருந்து ஆளுக்கொரு நிறக் குழாயாகப் பிரிந்து ஒவ்வொரு கதவின் டயாஃப்ரத்துக்கும் (வேக்குவம் இழுத்தால் கதவை நகர்த்தும் சவ்வு). வேக்குவம் இல்லாவிட்டால் ஸ்பிரிங் கதவைக் கண்ணாடிப் பக்கம் தள்ளிவிடும். எது கெட்டாலும் கண்ணாடியில் பனி படியாமல் வெளியே தெரியட்டும் என்று அப்படி வைத்திருக்கிறார்கள், நல்ல யோசனைதான்.

நான் செய்த தப்பு, நேராகச் சுவிட்சைச் சந்தேகப்பட்டது. ஒரு ஞாயிறு முழுக்கப் பேனலைக் கழற்றி, ஒரு பிளாஸ்டிக் கொக்கியையும் உடைத்து, சுவிட்சை எடுத்துப் பார்த்தால் அதில் ஒரு குறையும் இல்லை. மேட்டில் மட்டும் வரும் கோளாறு என்று வண்டியே சொல்லிக்கொண்டிருந்ததை நான்தான் காதில் வாங்கவில்லை. த்ராட்டில் (ஆக்சிலேட்டரை அழுத்தினால் திறக்கும் காற்று வழி) முழுக்கத் திறந்தால் மேனிஃபோல்டில் வேக்குவம் கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது, அந்த நேரத்துக்குத்தான் டாங்கி. அதில் சேர்த்ததும் திரும்ப இஞ்சினுக்கே ஓடிவிட்டால் செக் வால்வைத்தானே முதலில் பார்க்க வேண்டும்?

அடுத்த வாரம் அளவுமானி வைத்த, காற்றை உறிஞ்சும் கைப்பம்பு ஒன்றை வாங்கினேன். ஐடிலில் (ஆக்சிலேட்டரை அழுத்தாமல் இஞ்சின் சும்மா ஓடும்போது) மேனிஃபோல்டில் வேக்குவம் 18 அங்குலம் (பாதரச அளவு) காட்டியது, அங்கே குறையில்லை. செக் வால்வைக் கழற்றி வாயால் ஊதிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் தாராளமாகப் போகிறது. ஒரு பக்கம்தான் போக வேண்டும். புதிதாக மாட்டினேன் (திசை பார்த்து மாட்ட வேண்டும், தலைகீழாக மாட்டினால் ஒன்றுமே வேலை செய்யாது), மேட்டுப் பிரச்சினை அன்றே போய்விட்டது.

உஸ் சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. டாங்கிக்குப் பிறகு வரும் குழாயில் பம்பை மாட்டி 15 அங்குலம் இழுத்து, குமிழை ஒவ்வொரு நிலையாகத் திருப்பினேன். கண்ணாடிக்கு வைத்தால் முள் அசையவில்லை, முகத்துக்கும் அப்படியே, காலுக்குத் திருப்பியதும் சரசரவென்று பூஜ்யத்துக்கு இறங்கியது. சரி, சுவிட்சின் பிளக்கை உருவி அந்த ஒரு குழாயில் மட்டும் நேராகப் பம்பு அடித்தேன், அதுவும் நிற்கவில்லை. டயாஃப்ரம் கிழிந்திருந்தால் டேஷ்போர்டையே இறக்க வேண்டும் என்று வயிறு கலங்கியது. டார்ச்சோடு கால் வைக்கும் இடத்தில் மல்லாக்கப் படுத்து, கையை மட்டும் மேலே விட்டுத் தடவிப் பார்த்ததில், டயாஃப்ரத்தில் குழாய் சேரும் இடத்திலுள்ள ரப்பர் எல்போ (வளைந்த இணைப்பு) விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. அதற்குப் பதில் ஒரு விரல் நீள ரப்பர் ஹோஸை வளைத்துச் செருகினேன். மறுபடி 15 அங்குலம் இழுத்து ஒரு நிமிடம் விட்டதில் 13-இல் நின்றது.

அந்தக் குறையும் 2 அங்குலம் டயாஃப்ரத்தில்தான் இருக்க வேண்டும். கதவு முழுக்கத் திறக்கிறது, சத்தம் இல்லை, காலில் காற்று வைத்தால் ஐடில் தடுமாறுவதும் நின்றுவிட்டது, அந்த ஓட்டை வழியாக இஞ்சின் இத்தனை நாள் காற்றைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அதனால் டேஷ்போர்டை இப்போதைக்கு இறக்கப் போவதில்லை. உடைந்த கொக்கிக்குப் பசை போட்டிருக்கிறேன், பேனல் இன்னும் லேசாக ஆடுகிறது.