2,4-டிக்குப் பருத்தியும் ஒன்றுதான், களையும் ஒன்றுதான்

கரும்பில் 2,4-டி களைக்கொல்லி அடித்த டேங்க்கைத் தண்ணீரில் ஒருதரம் அலசிவிட்டு, மறுநாள் அதையே பருத்திக்குப் பூச்சிமருந்து அடிக்கத் தூக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். கொஞ்ச நாளில் புதுக் கொழுந்தெல்லாம் குறுகி, நரம்பு துருத்திக்கொண்டு, வெண்டை இலை மாதிரி பிளந்து நிற்கும். உடனே விதை போலி, இல்லாவிட்டால் வைரஸ் என்று கடைக்காரரோடு சண்டை. டேங்க்கின் அடியிலும் குழாயிலும் ஒட்டியிருக்கும் துளியே பருத்திக்குப் போதும், தக்காளிக்கும் திராட்சைக்கும் அப்படித்தான். களைக்கொல்லிக்கென்று தனி டேங்க் வைத்துக்கொள்வதுதான் நல்லது.

பயிரை விட்டுக் களையை மட்டும் கொல்லும் என்று சொல்லி விற்பது பொய் இல்லை. ஆனால் எது பயிர், எது களை என்று அதற்கு எப்படித் தெரியும்? புல் இனமா, அகன்ற இலைச் செடியா, அவ்வளவுதான் கணக்கு.

முழுப்பெயர் 2,4-டைகுளோரோஃபீனாக்ஸி அசிட்டிக் அமிலம்: ஒரு பென்சீன் வளையம், அதில் இரண்டு குளோரின், ஆக்சிஜன் வழியாக ஒட்டிய ஓர் அசிட்டிக் அமில வால். 1940களில் வந்த சரக்கு. செடியின் சொந்த வளர்ச்சி ஹார்மோனான ஆக்சின் போலவே இது நடிக்கும், ஆனால் தன் ஆக்சினை வேலை முடிந்ததும் உடைத்துவிடுகிற செடிக்கு இதை அவ்வளவு சீக்கிரம் உடைக்க வராது, அதனால் வளர், வளர் என்ற உத்தரவு நிற்காமல் போய்க்கொண்டே இருக்க, தண்டு முறுக்கிக்கொண்டு திசுக்கள் வெடித்து, சாறு ஓடும் பாதை அடைபட்டு, களை வளர்ந்தே சாகிறது. நெல், கரும்பு, சோளத்துக்குள் இது அதிகம் பரவுவதில்லை, பரவியதையும் வளையத்தில் ஹைட்ராக்சில் சேர்த்து, குளுக்கோஸோடு கோத்து முடக்கிவிடும். இதே 2,4-டியைத் திசு வளர்ப்புக் கூடத்தில் லிட்டருக்கு ஓரிரு மில்லிகிராம் போட்டுச் செல்களைப் பெருக்குகிறார்கள் என்பது எனக்கு இன்றும் வேடிக்கைதான்.

நடவு நெல்லில் 80 சதவீத சோடியம் உப்புத் தூள் ஏக்கருக்கு அரைக் கிலோ, நட்டு மூன்று வாரம் வாக்கில். தண்ணீரை வடித்து, களையின் இலை வெளியே தெரிய வைத்து அடிக்க வேண்டும். வட்டக்கோரை (பார்க்கப் புல் மாதிரி, ஆனால் புல் இனம் இல்லை), ஆரக்கீரை, நீர்மேல்நெருப்பு போய்விடும். குதிரைவாலிப் புல் அசையாது, அதுவும் புல் தானே! கதிர் உருவாகும் சமயத்தில் அடித்தால் நெல்லே கோணும். கரும்பில் சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிக் களைக்கும் இதைத்தான் அடிக்கிறார்கள். சோடியம் உப்பு, அமைன் உப்பு, எஸ்டர் என்று மூன்று வகை கிடைக்கிறது, அதில் எத்தில் எஸ்டர் வெயிலில் ஆவியாகி, அடித்து முடித்த பிறகும் பக்கத்து வயலுக்குப் போகும். சுற்றிலும் பருத்தி இருந்தால் எஸ்டர் பக்கமே போகாதீர்கள்.

அப்புறம், "வியட்நாமில் கொட்டிய ஏஜென்ட் ஆரஞ்சு தானே இது" என்று கேட்பவர்களுக்கு: காட்டை அழிக்க அமெரிக்கப் படை கொட்டிய அந்தக் கலவையில் இது பாதி. டயாக்சின் நஞ்சு முக்கியமாக வந்தது இன்னொரு பாதியான 2,4,5-T என்ற வேறொரு களைக்கொல்லியிலிருந்து. ஆனாலும் 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2,4-டியைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் சேர்த்திருக்கிறது. கண்ணில் பட்டால் பாதிப்பு கடுமை, அதனால் வெறுங்கையால் கலக்கிவிட்டு அதே கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள்.