சுவரில் ஒட்டியவை: ஓர் ஆய்வக நாட்குறிப்பு

மார்ச் 4

சூடோமோனாஸ் ஏருஜினோசா என்னும் பாக்டீரியாவை 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் ஊற்றி, 37 டிகிரி செல்சியஸில் இன்குபேட்டருக்குள் அசையாமல் வைத்திருக்கிறேன். இத்தனை ஆண்டுகளும் நான் சோதித்து வந்தவை திரவத்தில் மிதக்கும் பாக்டீரியாக்களே. குழாயின் சுவரில் வழுவழுப்பாகப் படிந்திருப்பதைச் சரியாகக் கழுவாத அழுக்கு என்றுதான் எண்ணி வந்தேன். உண்மையில் அது உயிர்ப்படலம்: பாக்டீரியாக்கள் தாமே சுரக்கும் பிசினில் ஒட்டிக்கொண்டு கூட்டமாக வாழும் படலம்.

மார்ச் 5

இருபத்து நான்கு மணி நேரம் கழித்துத் திரவத்தைக் கொட்டிவிட்டு, தண்ணீரால் அலசி, 0.1 சதவீத கிரிஸ்டல் வயலெட் சாயத்தைப் பதினைந்து நிமிடம் நிறுத்தி வைத்தேன். முதல் இரண்டு வரிசைகளில் பிப்பெட்டை அவசரமாக அழுத்தியதால் படலம் தோலைப் போல உரிந்து போய்விட்டது, தவறு என்னுடையதே. மற்ற வரிசைகளைத் தொட்டித் தண்ணீரில் மெல்ல அமிழ்த்தி எடுத்தபோது, திரவமும் காற்றும் சந்தித்த மட்டத்தில் மட்டும் ஒவ்வொரு குழியிலும் ஊதா வளையம் நின்றது. ஆக்சிஜன் அங்கேதான் மிகுதி என்பதால் இந்தப் பாக்டீரியா அந்த விளிம்பையே நாடுகிறது. சாயமிடாத குழி ஒன்றில் கம்பி வளையத்தால் சுரண்டினேன். பலாப்பிசின் போல நூலாக இழுபட்டது.

மார்ச் 7

அந்தப் பிசின்தான் உயிர்ப்படலத்தின் சூட்சுமம். கசையிழை என்னும் வால் போன்ற இழையால் நீந்தி வரும் பாக்டீரியா முதலில் பரப்பைத் தொட்டுப் பார்ப்பதோடு சரி. அந்த நிலையில் ஓர் அலசலிலேயே அது விலகிவிடும். பிறகு செல்லுக்குள் சைக்ளிக் டை-ஜிஎம்பி என்னும் சிறு மூலக்கூறு பெருக, நீந்தும் வேலை குறைந்து, சர்க்கரைச் சங்கிலிகளையும் புரதங்களையும் வெளியே சுரக்கும் வேலை கூடுகிறது. கூட்டம் அடர்ந்ததும் அவை வெளியிடும் சமிக்ஞை மூலக்கூறுகளும் சேர்ந்து அடர்த்தியாகின்றன. அதைக் கொண்டே தம் தொகையை உணர்ந்து பல மரபணுக்களை ஒருமிக்க இயக்குகின்றன. எனக்கு மிகவும் வியப்பளித்தது வேறொன்று: சிதைந்த செல்களின் டிஎன்ஏவும் அந்தப் பிசினில் கலந்து கட்டுமானப் பொருளாகிறது. டிஎன்ஏவை வெட்டும் நொதியைச் சேர்த்தால் இளம் படலம் கரைந்துவிடுகிறது என்று 2002-இல் காட்டப்பட்டது.

மார்ச் 8

ஒளி அடர்த்தி அளக்கும் கருவி பழுதாகிவிட்டதால் இன்று படிப்பு மட்டும். நுண்ணோக்கியால் நுண்ணுயிர்களை முதன்முதலில் கண்டவர்களில் ஒருவரான டச்சுக்காரர் லீவன்ஹூக் தம் பற்களின் மேல் படிந்த காரையில் நுண்ணுயிர்களைக் கண்டு, வினிகரால் வாயைக் கொப்பளித்தபோது காரையின் வெளிப்புறத்தில் இருந்தவை மட்டுமே மாண்டன என்று எழுதினார். அது 1684-இல் அச்சாயிற்று. உயிர்ப்படலம் என்ற பெயர் பிறக்கும் முன்பே அதன் முக்கியக் குணத்தை ஒருவர் தம் வாயிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்.

மார்ச் 11

மிதக்கும் செல்களின் வளர்ச்சியை முற்றிலும் தடுத்த அளவைப் போல ஐம்பது மடங்கு சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைப் படலத்தின் மேல் ஒரு நாள் வைத்தேன். அலசிச் சுரண்டி அகார் தட்டில் பரப்பியபோது, எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருந்தாலும் காலனிகள் முளைக்கவே செய்தன. மருந்து உள்ளே போகவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. டோப்ராமைசின் என்னும் மற்றொரு மருந்து நேர் மின்னூட்டம் உடையதால் பிசினில் சிக்கித் தாமதப்படும் என்பது உண்மைதான். ஆனால் சிப்ரோஃப்ளாக்சசின் படலத்துக்குள் எளிதில் ஊடுருவும். அடியில் இருக்கும் செல்களுக்கு ஆக்சிஜனும் உணவும் எட்டாததால் அவை பிரிவதை ஏறக்குறைய நிறுத்திவிடுகின்றன. வேலை செய்யாத இயந்திரத்தில் கோளாறு உண்டாக்க மருந்தால் முடிவதில்லை. பென்சிலினுக்குத் தப்பி நிற்கும் இத்தகைய உறங்கும் செல்களை நுண்ணுயிரியலாளர் ஜோசப் பிக்கர் 1944-இலேயே விவரித்திருந்தார்.

மார்ச் 12

உடலில் இதன் விளைவு கடுமையானது. கதீட்டர் (உடலுக்குள் செருகும் குழாய்), செயற்கை மூட்டு, செயற்கை இதய வால்வு எனப் புறப்பொருள் எதுவாயினும், தோலில் சாதுவாக வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ்கூட அதன் மேல் படலமிடக்கூடும். வெள்ளணுக்கள் அந்தத் திரளை விழுங்க முடியாமல் தம் நொதிகளைக் கொட்டுவதால், அருகிலுள்ள திசுவே புண்ணாகிறது. சளி கெட்டிப்படும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவரின் நுரையீரலில் சூடோமோனாஸ் ஆல்ஜினேட் என்னும் கோழையைச் சுரந்து ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது. படலத்திலிருந்து அவ்வப்போது பிரிந்து செல்பவை காய்ச்சலை எழுப்புகின்றன. அவை மருந்துக்கு மடிவதால் காய்ச்சல் தணிகிறது. மருந்தை நிறுத்தியதும் திரும்புகிறது. பல வேளைகளில் அந்தக் கருவியையே அகற்ற நேர்வது இதனால்தான்.

மார்ச் 14

தப்பிப் பிழைத்த காலனிகளைப் புதிய திரவத்தில் வளர்த்து, வழக்கமான மருந்துச் சோதனையை மீண்டும் செய்தேன். தடுப்பு அளவு துளியும் மாறவில்லை. அறிக்கைப் படிவத்தில் ‘சென்சிடிவ்’, அதாவது மருந்துக்குக் கட்டுப்படும், என்றே எழுத வேண்டியிருந்தது. மாதிரி கதீட்டர் முனையிலிருந்து வந்ததா என்று பார்க்காமல் அந்தச் சொல்லை எத்தனை முறை எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டே, இன்று மாலை அடுத்த தட்டை இன்குபேட்டரில் வைத்தேன்.